குணமானியிடம் பேரம் பேசியவர்

விருதுநகர் பஜாரில் தனுஷ்கோடி நடந்து வந்தால் கூட்டம் தானாக விலகி வழிவிடும். பெரிய மனிதர் என்ற மரியாதை இல்லை, ரவுடி என்ற பயமும் இல்லை. அவர் சட்டைப்பையில் இருந்த வில்லை, பத்தடி தூரத்தில் வருகிற அத்தனை பேரின் கைக்கடிகாரத்துக்கும் செய்தி அனுப்பிவிடும்: ‘எதிரே பதினொன்று வருகிறார். பேச்சுக் கொடுக்க வேண்டாம்.’

பதினொன்று என்றால் தனிமை விரும்பி. டீக்கடையில் அவருக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. கையை நீட்டினால் டீ வரும். யார் கொடுத்தது என்று தெரியாது. பேருந்தில் ஒற்றை இருக்கை. தீபாவளிக்கு அக்கம்பக்கத்து அதிரசம் தள்ளுவண்டியில் தானாக வந்து வாசலில் நின்று, ஒரு மணிகூட அடிக்காமல் திரும்பிப் போகும்.

ஊரில் எல்லோருக்கும் ஓர் எண் இருந்தது. மொத்தம் பதினாறு எண்கள். இருபத்தொரு வயதில் குணமானி என்ற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து நாற்பது கேள்விகளுக்குப் பதில் சொன்னால் எண் கிடைத்துவிடும். அதற்கப்புறம் வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் அந்த எண்படிதான். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகக் கட்டைப் பரணில் போட்டுவிட்டு, “பையன் என்ன நம்பர்?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஜோசியர்கள் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ‘இது விஞ்ஞானம், அது நம்பிக்கை’ என்று தீர்ப்பு வந்தது. தோற்ற ஜோசியர்களில் பாதிப்பேர் குணமானி முகவர்களாகச் சேர்ந்துகொண்டார்கள். தொழில் மாறியதாக அவர்களுக்கே தோன்றவில்லை.

தனுஷ்கோடி பதினொன்று ஆனது பேரத்தில் நடந்த கோளாறு.

மிளகாய் வத்தல் தரகர் வீட்டுப் பிள்ளை அவர். அந்தத் தெருவில் ஒரு பொருள் பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டுகிறவன் அன்றைக்கே ஏமாந்தான். பத்து பெறும் சரக்கை இரண்டுக்குக் கேட்க வேண்டும். எதிராளி நெஞ்சில் கைவைத்து, “அண்ணாச்சி, வாங்குற மாதிரி கேளுங்க” என்பான். அப்புறம் ஆளுக்குக் கொஞ்சம் ஏறி இறங்கி நடுவில் எங்கேயோ கை குலுக்குவார்கள். முதல் வாய்ச்சொல்லை நிஜம் என்று எடுத்துக்கொள்கிற ஆளை அவர் இருபத்தொரு வயதுவரை பார்த்ததே இல்லை.

குணமானி முதல் கேள்வி கேட்டது: “மனிதர்களோடு சேர்ந்திருக்க உங்களுக்கு எவ்வளவு விருப்பம்? ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்.”

அவருக்கு மனதில் ஒன்பது இருந்தது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பதென்றால் சாப்பாடே வேண்டாம் என்கிற ஆள். ஆனால் ஆசையைக் காட்டினால் விலை போய்விடுமே? உதட்டைப் பிதுக்கி, “ரெண்டு” என்றார். குணமானி பதறும், ஐந்து என்றாவது சொல்லக் கூடாதா என்று கெஞ்சும், கடைசியில் எட்டில் முடிக்கலாம் என்று காத்திருந்தார்.

குணமானி, “நன்றி” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது.

இதுவும் ஒரு வியாபாரத் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு நாற்பது கேள்விகளுக்கும் விலையை அடிப்பதுபோலக் குறைத்தே சொன்னார். கடைசியில், பஜாரில் எல்லோரும் செய்வதுபோல, வேண்டாம் என்ற பாவனையில் எழுந்து நடந்தார். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று மெதுவாகவே நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. வாசலில் அச்சடித்த சான்றிதழ் வந்து விழுந்தது.

அதற்கப்புறம் இருபத்துநான்கு வருடம். மொத்த வியாபாரச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் வத்தலுக்குத் தரம் பார்க்கும் வேலை, அடைத்த அறைக்குள். குடியிருப்பது பதினொன்றுகளுக்கான ஒற்றை அறைக் கட்டடம். அப்பா இறந்த அன்றைக்கு அனுதாபச் செய்தி அறுநூறு வந்தது, ஆள் வரவில்லை. பதினொன்றின் துக்கத்தில் போய் நிற்பது அநாகரிகம் என்று எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாடகைக்கு வந்த நால்வர் தூக்கினார்கள். அவர்களும் பேசவில்லை. அப்பாவைப் பற்றி யாரிடமாவது ஒரு பழைய கதை சொல்ல வேண்டும் என்று அவருக்கு நாக்கு துடித்தது. திரும்பி வந்து, வீட்டில் காய்ந்துகொண்டிருந்த வேட்டியிடம் சொன்னார்.

கிட்டங்கியில் அவருடைய அறைக்கு, சரக்கின் மாதிரியை வாங்கிப் பார்ப்பதற்கு ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. தரகர்கள் வந்தால் திறக்கும். பதினொன்றின் நன்மைக்காக மூன்றே நிமிடத்தில் தானாகச் சாத்திக்கொள்ளும். அந்த மூன்று நிமிடத்தில்தான் ராஜகனி வந்தாள். நாற்பத்திரண்டு வயது, புருஷனை இழந்தவள், சொந்தமாகத் தரகு பார்க்கிறவள். எண் நான்கு. கூட்டம் விரும்பிகளின் எண் அது.

“தரக்காரரே, முண்டு வத்தல். ராமநாதபுரத்துச் சரக்கு. நொள்ளை சொன்னீங்கன்னா நாலு வத்தலை வாயில போட்டு மெல்ல வச்சிருவேன்.”

“நிறம் கொஞ்சம் மட்டம்.”

“உங்க சட்டையை விடவா?”

இப்படியே ஒரு வருடம், மும்மூன்று நிமிடமாகப் போயிற்று. ஒருநாள் அவள் கேட்டாள்: “நீங்க நிஜமாவே பதினொண்ணா? மத்த பதினொண்ணுங்க ரெண்டாவது நிமிஷமே முகத்தைத் திருப்பிக்கும். நீங்க ஜன்னலுக்குள்ள தலையைக் குடுத்துக்கிட்டு நிக்கிறீங்க. போன வாரம் மூக்குல அடிச்சிருச்சில்ல?”

அவர் ‘ரெண்டு’ சொன்ன கதையைச் சொன்னார். அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

“எவனாவது மிஷின்கிட்டப் பேரம் பேசுவானா?”

“நம்ம ஊர்க்காரன் எமன் வந்தாலும் கொஞ்சம் கொறச்சுக் கேப்பானே!”

“நாப்பத்தஞ்சு ஆயிருச்சில்ல, மறு அளவைக்கு எழுதிப் போடுங்க. எங்க குடியிருப்புல பதினொண்ணை வாசல்லயே நிறுத்திருவாங்க. நம்பரை மாத்திக்கிட்டு வந்தீங்கன்னா...”

ஜன்னல் சாத்திக்கொண்டது. அன்று பகல் முழுக்க அவருக்கு வத்தலில் தரம் தெரியவில்லை. மறுநாள் ஜன்னல் திறந்ததும் திறக்காததுமாக அவள் சொன்னாள்: “கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்குவோம்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள சாத்திருச்சு, சனியன்.”

மறு அளவை என்பது நாற்பத்தைந்து வயது ஆனபின், வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். தவறினால் பதினொன்றாகவே சாக வேண்டியதுதான்.

குண அளவை நிலையத்தில் பியூலா என்ற அதிகாரி இருந்தார். பத்தொன்பது வருட சர்வீஸ். மதியச் சாப்பாட்டு நேரம், தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தவர், இவரை உட்காரச் சொன்னார்.

“தாயி, ஒண்ணு கேக்கலாமா? இந்த எண் எல்லாம் நிஜந்தானா?”

பியூலா சுவரில் இருந்த பதிவுக் கருவியைப் பார்த்தார். “சாப்பாட்டு நேரத்துல ஓடாது. அதனால சொல்றேன் அண்ணாச்சி. அஞ்சு வாரம் கழிச்சு அதே ஆளை அளந்தா பாதிப் பேருக்கு வேற எண் வருது.”

“அப்புறம்?”

“அதனாலதான் மறு அளவை ஒரு தடவைக்கு மேல கூடாதுன்னு சட்டம் போட்டாங்க.”

தனுஷ்கோடிக்கு அந்தச் சாமர்த்தியம் பிடித்திருந்தது. பஜாரிலேயே இவ்வளவு துணிச்சலான ஆளைப் பார்த்ததில்லை.

“கூட்டம் பிடிக்கும், பிடிக்காதுன்னு ஜனங்க ரெண்டு கட்சியா நிக்கல” என்றார் பியூலா. “முக்காவாசிப் பேர் நடுவுலதான் நிக்கிறாங்க. நாங்க அந்த நடுவுல ஒரு கோட்டைக் கிழிச்சோம். இந்தப் பக்கம் ஒரு விரக்கடை தள்ளி நின்னவனை ஒரு குடியிருப்புக்கும், அந்தப் பக்கம் நின்னவனை இன்னொரு குடியிருப்புக்கும் அனுப்பிட்டோம்.”

“வத்தல்லயே நடுத்தரம்னு ஒண்ணு வச்சிருக்கோம். மனுசனுக்கு வைக்கலியா?”

“வச்சா எவன் வாங்குவான்? ‘நீங்க சில நேரம் அப்படி, சில நேரம் இப்படி’ன்னு சான்றிதழ் குடுத்தா, இது எனக்கே தெரியுமேன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க.”

“அப்ப இதுனால பிரயோசனமே கிடையாது?”

“ஐயோ, யாரு சொன்னது? வீடு ஒதுக்க, வேலை குடுக்க, பொண்ணு குடுக்க, எல்லாத்துக்கும் வசதி. நிஜமான்னு மட்டும் கேக்காதீங்க.” டப்பாவை மூடினார். “உங்களுக்கு என்ன எண் வேணும்?”

“நாலு.”

“அப்ப உள்ள போய் நாலு மாதிரி பேசுங்க.”

குணமானி அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டது. இந்த முறை மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். மனதில் என்ன இருக்கிறது என்று தேடினால், எண் எதுவும் அகப்படவில்லை. இருபத்துநான்கு வருடமாகத் திறக்காத பெட்டியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ராஜகனியின் இருமல் ஞாபகம் வந்தது. “பத்து” என்றார். எல்லாவற்றுக்கும் பத்து, ஒன்பது, பத்து. இடையில் ஒரு தடவையாவது ‘நிஜமாகவா?’ என்று கேட்கும் என்று பயந்தார். கேட்கவில்லை.

எண் நான்கு. உறுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. சான்றிதழில் கீழே குணவிளக்கம் இருந்தது: ‘நீங்கள் வெளியில் தெரிவதைவிட உள்ளே ஆழமானவர்.’ வீட்டுக்குப் போய்ப் பழைய பதினொன்றின் சான்றிதழை எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே வரிதான்.

நான்குகளின் குடியிருப்பில் அறுபது பேர் வாசலுக்கு வந்து மாலை போட்டார்கள். ராஜகனியோடு கல்யாணத்தையும் அங்கேயே பதிவு செய்தார்கள். வீடுகளுக்குக் கதவு கிடையாது. எல்லாமே ஒரு பெரிய கூடத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தபோது இடதுபக்கத்து ஆளின் முழங்கை அவர்மேல் இடித்தது. அந்த ஆள், “அண்ணாச்சி, ரசம் தள்ளுங்க” என்றான். தனுஷ்கோடிக்குக் கண் நிறைந்துவிட்டது. “வத்தல்காரருக்கே காரம் போலிருக்கு” என்று சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் வாரம் அப்பாவின் கதைகள் அத்தனையும் சொல்லித் தீர்த்தார். யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம் காதுக்குள் ஒரு ரீங்காரம். மூன்றாவது வாரம், சாப்பிடும்போது பக்கத்து ஆளின் முழங்கை பட்டால் உடம்பு தானாகச் சுருங்கியது. ராஜகனியோடு தனியாக நாலு வார்த்தை பேச நேரமில்லை. அவள் எப்போதும் ஆறு பேருக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தாள். கிட்டங்கி ஜன்னலில் மூன்று நிமிடமாவது முழுசாகக் கிடைத்தது. இப்போது அதுவும் கிடையாது. எண் மாறியதும் பத்துப் பேர் வேலை செய்யும் கொள்முதல் மேசைக்கு அவரை மாற்றிவிட்டார்கள்.

சும்மா உட்காரலாம் என்றால், கூடத்தின் உத்தரத்தில் கலகலப்புமானி இருந்தது. எண் நான்குக்காரர் யாராவது பத்து நிமிடம் பேசாமல் இருந்தால் அது மணியடிக்கும். உடனே அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பாட ஆரம்பிப்பார்கள். அடிக்கடி மணியடித்தால் நிலையத்துக்குத் தகவல் போகும். எண்ணுக்குப் பொருந்தாதவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாயக்கட்டை ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது, தனுஷ்கோடி நைசாக எழுந்து பின்கட்டுக்குப் போனார். அங்கே வரிசையாகப் பன்னிரண்டு குளியலறைகள். குடியிருப்பிலேயே தாழ்ப்பாள் உள்ள இடம் அதுதான். மானியும் கிடையாது.

பன்னிரண்டும் உள்ளே தாழ் போட்டிருந்தது.

காத்திருந்தார். ஒரு அறையிலும் தண்ணீர்ச் சத்தம் இல்லை. குழாய் திறக்கவில்லை, வாளி நகரவில்லை. அப்படியொரு நிசப்தத்தை அவர் பதினொன்றுகளின் கட்டடத்தில்தான் கேட்டிருந்தார்.

ஏழாவது கதவு திறந்தது. ராஜகனி வெளியே வந்தாள். புடவைக் கரை நனையவில்லை. பாதத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“வயிறு சரியில்லீங்க” என்றாள்.

“எனக்கும்தான்” என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லிய குரலில், “எவ்வளவு நாளா?” என்று கேட்டாள்.

“ஒரு வாரமா. உனக்கு?”

“இருபத்தோரு வருசமா.”

“அப்ப எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“என்னன்னு சொல்ல? உங்க ஜன்னல்ல மூணு நிமிஷம் பேசிட்டு அது சாத்திக்கும் பாருங்க, அந்த அமைதி எனக்கு அவ்வளவு பிடிக்கும். ரெண்டு பேருமா எங்கயாவது சும்மா உக்காந்திருக்கலாம்னு நெனச்சேன். அதுக்கு நம்பர் இல்லையே.” கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “பத்து நிமிஷத்துக்கு மேல இருக்காதீங்க. நான் ஒரு தடவை அரைமணி நேரம் இருந்துட்டேன். கதவுக்கு வெளிய நின்னு கோரஸாப் பாட வந்துட்டாங்க. வெளிய வந்ததும் சத்தமாச் சிரிங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க, வீடு போயிரும்.”

“ராஜகனி...”

உள்ளிருந்து யாரோ அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். “இந்தா வந்துட்டேன்!” என்று ஊரே கேட்கிற குரலில் பதில் கொடுத்துக்கொண்டு, கைகொட்டிச் சிரித்தபடி போனாள்.

தனுஷ்கோடி ஏழாம் அறைக்குள் போய்த் தாழ் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். இடதுபக்கச் சுவருக்கு அப்பால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வலதுபக்கமும் ஒரு பெருமூச்சு. அந்த ஆட்களோடு மூன்று வாரமாகச் சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார். இப்போதுதான் முதல் தடவையாக அவர்கள் பேசியதுபோல இருந்தது. சுவரில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் என்ன என்று கையைத் தூக்கினார். அந்தப் பக்கத்து ஆளுக்கு அது தொந்தரவாகிவிடுமோ என்று தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

அதற்குள் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வாளியை நிமிர்த்தி வைத்தார். தொண்டையைச் சரிசெய்து ஒரு சிரிப்பைத் தயார் பண்ணிக்கொண்டு, தாழ்ப்பாளைத் திறந்தார். வெளியே அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் துண்டு இருந்தது. கையில் சோப்பு இல்லை.