பட்டு உடுத்திய பெட்டி

கீர்த்தியின் அப்பா கதிர்வேலுக்கு எதைப் பார்த்தாலும் மூடி வைக்க வேண்டும்.

அவர் பட்டு நெய்பவர். வேலை முடிந்து எழுந்தால், நெய்த சேலையில் தூசி படாமல் தறிமேல் வெள்ளை வேட்டியைப் போர்த்திவிடுவார். காஞ்சிபுரத்தில் தறி உள்ள வீடுகளில் அது வழக்கம்தான். ஆனால் கதிர்வேல் தறியோடு நிற்கமாட்டார். டிவிக்கு ஒரு போர்வை. மிக்சிக்கு ஒரு குல்லா. ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை. சேனல் மாற்ற நல்ல உடற்பயிற்சி வேண்டும்.

அந்த வீட்டு மாடியில் சோலார் பேனல் வைத்தார்கள். கீழே ஒரு லித்தியம் பேட்டரி வந்தது. சுவரில் சார்ஜ் கண்ட்ரோலர் என்ற நீலப் பெட்டியும் வந்தது. வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளவாக ஊட்டுவது அந்தப் பெட்டியின் வேலை. மின்விசிறிக்குப் போகும் மின்சாரமும் அதன் வழியாகத்தான் போகும்.

முதலில் வாங்கிய பெட்டி ஒரு வருடத்திலேயே கெட்டுப்போனது. கதிர்வேல் நொந்துபோனார்.

"பேட்டரி பத்து வருஷம் உழைக்கும்னு சொன்னாங்க. இந்தப் பெட்டி ஒரு வருஷம்கூட தாங்கலையே. பழைய துண்டைத்தானே போர்த்தி வெச்சிருந்தேன். அதான் தூசி பூந்துடுச்சு."

அதனால் புதுப் பெட்டிக்குக் கெட்டியான பட்டிலேயே உறை தயாரானது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் மிச்சமிருந்ததைக் கொண்டு ஒரு துண்டு நெய்தார். அரக்கு நிறம், ஜரிகைக் கரை. பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்து மாட்டிவிட்டுத் தள்ளி நின்று ரசித்தார். ஊரிலேயே பட்டு உடுத்திய பெட்டி அது ஒன்றுதான்.

கோடை வந்ததும் பெட்டி முரண்டு பிடித்தது. உச்சி வெயிலில் சிவப்பு விளக்கு எரியும், மின்விசிறி நின்றுவிடும். ஐயம்பேட்டையிலிருந்து மெக்கானிக் சத்யராஜ் வருவார். அவர் வந்தால் மட்டும் பெட்டி சமர்த்தாக வேலை செய்யும்.

"பொட்டி நல்லாத்தானே இருக்குது" என்று தலையைச் சொறிந்துகொண்டே போய்விடுவார்.

வைகாசியில் தேர்த் திருவிழா வந்தது. பெருமாள் தேர் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து இவர்கள் தெருமுனை வழியாகப் போகும். தேர் உயரமானது என்பதால், அது வரும் தெருக்களில் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள்.

"நமக்கென்ன, சோலார் இருக்குது" என்றார் கதிர்வேல்.

கீர்த்திக்கு அன்று ஒரே ஒரு ஆசை. அம்மா தேர் பார்க்க வேண்டும். தம்பி பிறந்ததிலிருந்து மூன்று மாதமாக அம்மா புவனேஸ்வரி வாசலைத் தாண்டவே இல்லை. தம்பி அப்படிப்பட்ட ஆள். காற்று வந்தால் தூங்குவான். காற்று நின்றால் அம்மாவைத் தவிர யாரிடமும் இருக்கமாட்டான்.

காலையில் தம்பி நன்றாகத்தான் தூங்கினான். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டாள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில், தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. கீர்த்தி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அப்போது மின்விசிறி நின்றது. பட்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு மினுக்கியது. தம்பி வீறிட்டான்.

கதிர்வேல் சத்யராஜுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஒரே கொட்டுச் சத்தம்.

"கூட்டத்துல மாட்டிக்கினு இருக்கிறேன் கதிர்வேலு. சாயங்காலம் வந்து பாக்குறேன்பா."

சாயங்காலம் தேர் எங்கே இருக்கும்?

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா. "நான் அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கீர்த்திக்குத்தான் அழுகை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, விசிறியை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தம்பி முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தான். திருவிழாவுக்காக அப்பா போட்டுவிட்ட பட்டுச் சட்டையை அம்மா கழற்றினாள். முதுகெல்லாம் வேர்வை. கீர்த்தி வீச வீச, அழுகை மெல்லச் சிணுங்கலானது.

"பாவம், சட்டையிலதான் புழுங்கியிருக்குது" என்றாள் அம்மா.

கீர்த்தி விசிறியை நிறுத்தினாள். சுவரைப் பார்த்தாள். எழுந்து போய், பட்டு உறைமேல் புறங்கையை வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, பெட்டிக்கும் புழுங்குதுப்பா."

"பெட்டிக்கு எங்கம்மா புழுங்கும்?"

"தொட்டுப் பாருப்பா. கொதிக்குது. சத்யராஜ் மாமா வர்றப்போ மட்டும் ஏன் நல்லா வேலை செய்யுது சொல்லு?"

"ஏன்?"

"அவர் வர்றாருன்னா, எண்ணெய்க் கை பட்டுல படக் கூடாதுன்னு நீ உறையைக் கழட்டிப் பீரோல வெச்சிடுவியே. அப்போ பெட்டிக்குக் காத்து வரும். அவர் போனதும் மறுபடியும் மாட்டிடுவே."

கதிர்வேல் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். கை சுட்டது.

உறையைக் கழற்றினார். பெட்டியின் பக்கவாட்டில், சூடு வெளியேறுவதற்கென்றே வரிவரியாகத் தகடுகள் இருந்தன. அத்தனையும் இதுவரை பட்டுக்குள் மூச்சு முட்டிக் கிடந்தன.

"அப்போ பழைய பெட்டியையும் நான்தான் கெடுத்தேனா?" என்றார் பரிதாபமாக.

"நீ ஆசையாத்தான்பா போர்த்தினே" என்று சொல்லிவிட்டு, கீர்த்தி பெட்டிக்கு விசிற ஆரம்பித்தாள். அம்மா முந்தானையால் தம்பிக்கு விசிறினாள். கதிர்வேல் நடுவில் நின்று, முறத்தை எடுத்து இரண்டு பக்கமும் விசிறினார்.

மேளம் நெருங்கிக்கொண்டே வந்தது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு அணைந்தது. பச்சை எரிந்தது. மின்விசிறி ஒரு முறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. தம்பி கொட்டாவி விட்டான்.

கதிர்வேல் கையிலிருந்த உறையைத் தடவினார்.

"ஜரிகையெல்லாம் வெச்சு நெய்தேன். இதை இன்னா பண்றது?"

"என் ஜாமெட்ரி பாக்ஸுக்குக் குடுப்பா. அதுக்குப் புழுங்காது."

அவர் முகம் மலர்ந்தது. "நீங்க கிளம்புங்க. தம்பியை நான் பாத்துக்கிறேன். தேரை நான் சின்ன வயசுலேருந்து பாத்துக்கினுதானே இருக்கிறேன்."

அம்மாவும் கீர்த்தியும் தெருமுனைக்கு ஓடினார்கள். சரியாக அப்போதுதான் தேர் திரும்பியது. வடம் இழுப்பவர்களின் சத்தத்தில் தரையே அதிர்ந்தது. அம்மா கைகூப்பி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கீர்த்தி தேரைப் பாதியும் அம்மா முகத்தைப் பாதியுமாகப் பார்த்தாள்.

கை நிறையப் பொரியோடு வீடு திரும்பியபோது சத்தமே இல்லை. டிவியின் போர்வையும் மிக்சியின் குல்லாவும் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. மின்விசிறிக்கு அடியில் தம்பி சட்டையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான். சுவரில் பெட்டி சட்டையில்லாமல் பச்சை விளக்கோடு இருந்தது. இருவருக்கும் நடுவில், புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.