மூத்தவளின் கண்ணாடி

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா கண்ணுங்களா? தூக்கம் ஒழுங்கா வருதா? கழுத்து வலி, முட்டி வலி எல்லாம் கட்டுக்குள்ளே இருக்கா? நல்லது. உங்களில் யாராவது கண்ணாடிக்கு முழுக்குப் போட்டுவிட்டு லேசர் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள். டாக்டர் சொல்வதை டாக்டர் சொல்வார். அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இரண்டாம் தாரமாக வாழ வந்தவள். இளையவள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவள் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். செத்தவளோடு மல்லுக்கட்டுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உயிரோடு இருப்பவள் என்றால் ஒரு நாள் சமையலில் உப்பைக் கொட்டுவாள், ஒரு நாள் சிடுசிடுப்பாள். போனவள் தப்பே செய்யமாட்டாள்.

போதாததற்கு நாத்தனார் வேறு. வரும்போதெல்லாம் அதே பாட்டுதான்.

"பெரிய அண்ணிக்குக் கண்ணாடியைக் கழட்டினா எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னு தெரியாது. எங்க அண்ணன் கையை விடவே மாட்டான். கடைத்தெருன்னு பாக்கமாட்டான், கோத்துக்கிட்டுதான் நடப்பான். லேசர் பண்ணிக்கணும்னு பாவம் எவ்வளவு ஆசை அண்ணிக்கு! கருவிழி மெல்லிசு, முடியாதுன்னுட்டாங்க. வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்தாங்க."

இளையவளின் கையை அவள் புருஷன் கல்யாணத்தன்று பிடித்ததோடு சரி.

இத்தனைக்கும் இளையவளுக்கும் பார்வை மட்டம்தான். லென்ஸ் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தாள். 'சோடாபுட்டி அவளோடயே போகட்டும்' என்று ஒரு வீம்பு. கடைசியில் அந்த வீம்புதான் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது. மூத்தவள் அழுதுகொண்டே இறங்கிய அதே படிகள்.

"லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தையே மாத்தி வச்சிருக்கும்மா," என்றார் டாக்டர். "அப்படியே அளந்தா கணக்கு தப்பாயிடும். கொஞ்ச வாரம் லென்ஸைத் தொடாதீங்க. அப்புறம் அளக்கலாம்."

"அதுவரைக்கும் டாக்டர்?"

"கண்ணாடிதான்."

வீட்டில் கிடந்த அவளுடைய பழைய கண்ணாடி கால் ஒடிந்து கிடந்தது. புதிதுக்குக் கொடுத்தால் நாலைந்து நாள் ஆகும் என்றான் கடைக்காரன். ஒரு மத்தியானம், அடுப்பும் தெரியாமல் அரிவாள்மணையும் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தவளுக்கு பீரோவின் மேல்தட்டு ஞாபகம் வந்தது.

அங்கே மூத்தவளின் கண்ணாடியை அவர் கூட்டோடு பத்திரமாக வைத்திருந்தார்.

கூட்டைத் திறந்ததும் ரோஜா சென்ட் வாசனை. இத்தனை வருஷம் கழித்தும்.

இன்னொருத்தர் கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றும், இல்லையா? இவளுக்குச் சுற்றவில்லை. சுவரில் ஊரும் எறும்புகூடத் துல்லியமாகத் தெரிந்தது. அவளுக்கென்றே அளந்து செய்தது மாதிரி மூக்கில் உட்கார்ந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். ஜன்னலோரம் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் அவள் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு கனிவு.

"எப்ப வந்தே?" என்றார், மெதுவாக.

பிறகு கண்ணைச் சிமிட்டினார். முகம் அணைந்துபோனது.

"ஓ... நீயா."

அந்த 'நீயா' போதாதா? அவர் குளிக்கப் போனதும் கொல்லைப்புறம் போனாள். கண்ணாடியைக் கல்லில் வைத்துச் செருப்புக்காலால் நசுக்கினாள்.

"உனக்குக் குடுத்து வைக்கலைடி. எனக்குக் கிடைக்கப் போகுது. கண்ணும் கிடைக்கும், அவரும் கிடைப்பாரு. நல்லா பாத்துக்கோ!"

நொறுங்கியதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள்.

புதுக் கண்ணாடி வந்தது. வாரங்கள் ஓடின. அளவும் எடுத்தார்கள். கருவிழி நல்ல கனம் என்றார் டாக்டர். அவளுக்கு ஒரே பெருமை.

லேசர் நாளன்று அவரே கூட வந்தார். உள்ளே பச்சை அங்கி போட்டுவிட்ட நர்ஸ் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மேடம், சென்ட் போடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோமே? லேசருக்கு ஆகாது."

"நான் போடலையே."

"ரோஜா வாசனை தூக்குதே! நல்லா துடைங்க."

துடைத்தாள். வாசனை போகவில்லை.

படுக்க வைத்தார்கள். இமை மூடாமல் கிளிப் மாட்டினார்கள். மேலே ஒரு பச்சைப் புள்ளி மினுக்கியது.

"அதையே பாருங்க. அசையாதீங்க," என்றார் டாக்டர்.

பார்த்தாள். ஒரு புள்ளி.

பிறகு இரண்டு.

அவள் முகத்துக்கு மேல் யாரோ குனிந்திருந்தார்கள். இரண்டு வட்டக் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் புள்ளி. ஒரு கண்ணாடியில் குறுக்கே விரிசல்.

டாக்டர் கண்ணாடி போடுகிறவர் இல்லை.

கத்தினால் கண் அசையும். அசைந்தால் பார்வை போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கண்ணை மூடவும் வழியில்லை.

"முடிஞ்சுது," என்றார் டாக்டர். "அருமையா வந்திருக்கு."

பயத்தில் வந்த பிரமை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். கண்ணுக்கு மேல் மூடி ஒட்டி, கண்ணைத் திறக்காமல் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். படியிறங்கும்போது அவர் அவள் கையைப் பிடித்தார். கோத்துப் பிடித்தார்! அவளுக்கு எல்லாப் பயமும் மறந்துபோனது. ஒரு கையில் சொட்டுமருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையை அவரிடம் கொடுத்துவிட்டு, 'பாத்தியாடி' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

"மெதுவா வாம்மா," என்றார் அவர். "எதுக்கு அந்தக் கையை இப்படி நெரிக்கிறே? நகம் குத்துது."

"எந்தக் கைங்க?"

"என் இடது கைதான்."

அவள் பிடித்திருந்தது அவருடைய வலது கை.

படியில் இருவரும் நின்றார்கள். ரோஜா வாசனை அடித்தது. அவருக்கும் அடித்திருக்க வேண்டும். ஆனாலும் இடது கையை உதறவில்லை.

இப்போது அவளுக்குப் பார்வை கத்தி மாதிரி. தெருக்கோடிப் பலகையைக்கூட வாசித்துவிடுவாள். கடைத்தெருவில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அடுத்த கையையும் உடம்பிலிருந்து சற்றுத் தள்ளி, விரல்களை லேசாக மடக்கியே வைத்திருக்கிறார்.

வீட்டில் மூக்குக்கண்ணாடி என்று ஒன்று கிடையாது. புதிதாகச் செய்ததையும் யாருக்கோ கொடுத்துவிட்டாள். ஆனாலும் தினமும் விடிந்து எழுந்து முகம் கழுவும்போது அவள் மூக்கின் இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று இரண்டு பள்ளம். ராத்திரி முழுக்கக் கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு விழுமே, அதே பள்ளம்.

உங்க வீட்டுல போனவங்க சாமான் ஏதாவது இருக்கா? எடுத்துப் போட்டுப் பாத்தீங்களா? என்ன ஆச்சுன்னு மறைக்காம எனக்கு எழுதுங்க கண்ணுங்களா. எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூக்கைத் தடவிப் பாத்துக்கோங்க.