வாசல் ஜன்னலில் ஒரு கப்பல்

மலர் விழா தொடங்க இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேவாலயத்தின் கதவு திறக்கும். இப்போது வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி.

உள்ளே எங்கு பார்த்தாலும் வாளிகள். வாளிகளில் ரோஜா, செவ்வந்தி, லில்லி, கட்டுக் கட்டாக இலைகள். அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர்களில் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்கள் வந்து வேலை செய்தார்கள். பஸ் டிரைவர் ஏணி பிடித்தார். நர்ஸ் அக்கா முள் நீக்கினார். யாருக்கும் சம்பளம் கிடையாது. தேநீர் மட்டும் உண்டு.

பூவால் அலங்கரிக்க மொத்தம் பன்னிரண்டு ஜன்னல்கள். பத்து பெரியவர்களுக்கு, இரண்டு சிறுவர்களுக்கு. அந்த இரண்டில் ஒன்று வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. உள்ளே நுழையும் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இன்னொன்று தூணுக்குப் பின்னால் இருந்தது. தலையைச் சாய்த்தால்தான் தெரியும்.

குண்டூசிக்கு மூன்று வருடமாகத் தூண் ஜன்னல்தான் கிடைத்தது.

அவளுக்குப் பத்து வயது. உடம்பு ஒல்லி, தலை நிறையச் சுருட்டை முடி. அதனால் அந்தப் பெயர். இந்த வருடம் வாசல் ஜன்னல் தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள். அதற்கு முன்பே தும்பி வந்துவிட்டாள்.

தும்பி சித்தியின் மகள். சித்திக்குக் குழந்தை பிறக்கும்வரை இங்கேதான் இருப்பாள். வந்து மூன்று வாரம் ஆகிறது. வந்த முதல் நாளே குண்டூசியின் ஜன்னலோரக் கட்டில் தும்பிக்குப் போயிற்று. அம்மா காலையில் தும்பிக்குத்தான் முதலில் தலை வாரினாள். "வீட்டுக்கு வந்த பிள்ளைடி" என்றாள். இவள் மட்டும் என்ன, வீட்டுக்கு வராத பிள்ளையா?

போதாக்குறைக்குத் தும்பி நன்றாக வரைவாள். அவள் ஒரு கப்பலை வரைந்தாள். வெள்ளைச் செவ்வந்தியில் பாய், சிவப்பு ரோஜாவில் உடல், கீழே இலைகளில் அலை. மலர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் தையல் டீச்சர் அந்தப் படத்தைப் பார்த்ததும், "இது வாசல் ஜன்னலுக்கு!" என்று சொல்லிவிட்டார்.

அத்தோடு விட்டாரா? "குண்டூசி, அவ புதுசு. ஸ்பாஞ்சு எப்படி நனைக்கணும்னு நீ சொல்லிக்கொடும்மா" என்றும் சொன்னார்.

பூக்களைக் குத்தி நிறுத்த ஒரு பச்சை ஸ்பாஞ்சு உண்டு. செங்கல் அளவு இருக்கும். காய்ந்திருக்கும்போது பஞ்சுபோல் லேசு. அதைத் தண்ணீரில் மிதக்க விட வேண்டும். அதுவே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, தானாக மூழ்கும். கையால் அமுக்கவே கூடாது. அமுக்கினால் வெளிப்பக்கம் மட்டும் நனையும். உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். பார்ப்பதற்கு ஈரமாக இருந்தாலும் நடுவில் காய்ந்தே இருக்கும். அதில் குத்திய பூவுக்குக் குடிக்க எதுவும் கிடைக்காது.

தொட்டியில் இரண்டு ஸ்பாஞ்சுகள் மிதந்தன. குண்டூசி தன்னுடையதைத் தொடாமல் காத்திருந்தாள். தும்பிக்குப் பொறுமை இல்லை. இரண்டு கையாலும் தன் ஸ்பாஞ்சை அமுக்கினாள். குமிழிகள் 'பொளக் பொளக்' என்று வந்தன.

"இப்படித்தானே அக்கா?" தும்பி எட்டு மாதம்தான் சின்னவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அதுவும் குண்டூசிக்குப் பிடிக்கவில்லை.

குண்டூசியின் வாயில் பதில் தயாராக இருந்தது. 'அமுக்காதே.' ஒரே ஒரு வார்த்தை.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்கு வாசல் ஜன்னலில் கப்பல் நின்றது. எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"அடேயப்பா! இதுல ஏறி நான் ஊருக்கே போயிடுவேன்போல!" என்றார் பஸ் டிரைவர்.

"முதல்ல உங்க பஸ்ஸ ஒழுங்கா ஓட்டுங்கண்ணே" என்றார் நர்ஸ் அக்கா.

தூணுக்குப் பின்னால் குண்டூசி மஞ்சள் பூக்களில் செய்த சூரியன் இருந்தது. அதைப் பார்க்க யாரும் தலையைச் சாய்க்கவில்லை. பரவாயில்லை, நாளைக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு வாய்க்குள் சர்க்கரைபோல் இனித்தது.

இரவு உணவின்போது தும்பி போனில் பேசினாள்.

"அம்மா, அப்பா நாளைக்குக் கரெக்டா பத்து மணிக்கு வருவார்ல? கப்பல போட்டோ எடுத்துட்டு வந்து உனக்கு ஆஸ்பத்திரியில காட்டுவார். பாப்பாவுக்கும் காட்டு. வயித்துக்குள்ள இருந்தா தெரியாதா? சரி, நீ சொல்லு, அது கேட்டுக்கும்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "இல்லம்மா, அழல. அக்கா இருக்கால்ல."

குண்டூசி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிப்பு போய்விட்டது. வாயில் வேறு ஏதோ ருசி.

காலையில் ஆறரை மணிக்கே எழுந்து ஓடினாள். தேவாலயம் அடுத்த தெருதான். சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளை அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"என்ன குண்டூசி, செஞ்ச பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண வந்தியா? சாமியார் இன்னும் பல்லே விளக்கல."

அவள் நேரே வாசல் ஜன்னலுக்குப் போனாள்.

ரோஜாக்கள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பாய் ஒரு பக்கம் சரிந்திருந்தது. கப்பல் மூழ்கிக்கொண்டிருப்பது போல இருந்தது.

ஒரு குவளைத் தண்ணீரை ஸ்பாஞ்சின் மேல் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. வழிந்து தரையில் சொட்டியது.

"ஏ பிள்ளை! இப்பத்தான் தரையைத் துடைச்சேன்!"

"மாமா, வேற ஸ்பாஞ்சு இருக்கா?"

"எல்லாம் நேத்தே தீர்ந்துபோச்சே. கடை பதினோரு மணிக்குத்தான் திறப்பான்."

குண்டூசி தூணுக்குப் பின்னால் போய்த் தன் சூரியனைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஒரு இதழ்கூட வாடவில்லை. அதன் கீழே இருந்தது நேற்று தானாக மூழ்கிய ஸ்பாஞ்சு. நடுவரைக்கும் ஈரம்.

ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பூக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாளியில் போட்டாள். கோயில்பிள்ளையிடம் அலமாரியிலிருந்து கத்தியை எடுத்துவரச் சொன்னாள். ஸ்பாஞ்சைச் சரிபாதியாக வெட்டினாள்.

"உனக்கென்ன பைத்தியமா? நல்லா இருந்ததைப் போய்…" என்றார் கோயில்பிள்ளை.

"அந்த ரோஜாவ எல்லாம் எடுத்து வாளியில போடுங்க மாமா. தண்டு நுனிய மட்டும் சாய்வா வெட்டுங்க. கழுத்துவரைக்கும் தண்ணியில நிக்கணும். ஒரு மணி நேரத்துல நிமிர்ந்துடும். நான் இதோ வர்றேன்."

கப்பலை அவள் ஒருத்தியே மறுபடி கட்டிவிடலாம். ஆனால் அது தும்பியின் கப்பல். எந்தப் பூ எங்கே என்று தும்பிக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு ஓடிப்போய் அவளை உலுக்கினாள். "எழுந்திரு. ஸ்பாஞ்சு காய்ஞ்சிருக்கு. பூ வாடுது. வா!"

தும்பி தலைகூட வாராமல் ஓடிவந்தாள். காலிக் கப்பலைப் பார்த்ததும் அவள் உதடு நடுங்கியது.

"அப்பா வந்துடுவாரே அக்கா."

"இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு. அழுறதா இருந்தா பாதி நேரம் அதுக்கே போயிடும். உடம்புக்கு எத்தனை ரோஜா?"

தும்பி மூக்கை உறிஞ்சினாள். "முப்பது."

"என் ஸ்பாஞ்சுல பாதிதான் இருக்கு. பதினாலுதான் தேறும். மாத்திப் போடு."

தும்பி பழைய படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு வரைந்தாள். குண்டூசி தண்டு வெட்டிக் கொடுத்தாள். தும்பி குத்தினாள். இலை போதாமல் போனபோது குண்டூசி தன் வாளியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்பதே முக்காலுக்கு இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"கப்பல் படகாயிடுச்சு" என்றாள் தும்பி.

"படகுன்னா என்ன? மிதக்குதுல்ல?"

தூண் ஜன்னலில் குண்டூசியின் சூரியனும் பாதியாகிவிட்டது. கோயில்பிள்ளை தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பாதிதான் இருக்கு. விடு, உன் சூரியன் இப்பத்தான் எழுந்திருக்கு. சாமியார் மாதிரி."

பத்து மணிக்குக் கதவு திறந்தது. தும்பியின் அப்பா முதல் ஆளாக வந்தார். படகின் கிட்டே போய்ப் பார்த்தார். அப்புறம் போட்டோ எடுத்தார். ஒன்று இல்லை, ஏழு.

"சித்தப்பா, விரல் லென்ஸ மறைக்குது" என்றாள் குண்டூசி. மறுபடியும் ஏழு எடுத்தார்.

"அப்பா, அக்காவையும் சேர்த்து எடுங்க. அக்காதான் எல்லாத்தையும் காப்பாத்தினா!" தும்பி அவள் கையைப் பிடித்துப் படகின் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள்.

விஷயம் அதற்குள் பரவிவிட்டது. நர்ஸ் அக்கா வந்து கன்னத்தைத் தட்டினார். பஸ் டிரைவர், "நல்ல வேளை, நேத்தே ஏறாம விட்டேன்" என்றார். தையல் டீச்சர் குண்டூசியின் தலையில் கை வைத்தார்.

"தன் ஸ்பாஞ்சையே வெட்டிக் கொடுத்திருக்கா பாருங்க! அடுத்த வருஷம் வாசல் ஜன்னல் உனக்குத்தான்மா."

மூன்று வருடமாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. இப்போது அது காதில் விழுந்தபோது, குண்டூசிக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "ஆமா, ஸ்பாஞ்சு காய்ஞ்சிருக்கும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? விடிஞ்சதும் ஓடிவந்தியாமே?"

"அக்காவுக்கு எல்லாம் தெரியும்!" என்றாள் தும்பி பெருமையாக. பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை. அந்தக் கை கொஞ்சம் ஈரமாக இருந்தது. ரோஜா முள் கீறிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு.

குண்டூசி டீச்சரைப் பார்க்கவில்லை. தும்பியைத்தான் பார்த்தாள்.

"நேத்து நீ ஸ்பாஞ்ச அமுக்கினத நான் பார்த்தேன். தப்புன்னு தெரியும். வாசல் ஜன்னல் உனக்குக் கிடைச்சதால வேணும்னேதான் சொல்லல."