கிருபா குளித்துக்கொண்டிருக்கிறாள்

எண்ணெய் குறைந்திருந்தது.

பாட்டிலின் கழுத்துவரை நின்ற எண்ணெய் இப்போது இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. சனோபர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வெந்தயமும் கருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் போட்டு உம்மா தன் கையால் காய்ச்சி அனுப்பிய எண்ணெய். சனோபர் அதைத் தொட்டதே இல்லை. கழுத்தளவுக்கு வெட்டிய முடி அவளுக்கு; எண்ணெய் வைத்தால் மூன்று நாள் மூக்கு ஒழுகும். குரங்காக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். குற்றாலத்துக் குரங்குகளுக்கு ஜன்னல் கொக்கியெல்லாம் ஒரு பொருட்டா? சரி, குரங்கு எண்ணெய் குடிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். குடித்துவிட்டு மூடியை இறுக்கித் திருகி வைக்குமா என்ன?

அந்த எண்ணெய் கிருபாவுக்காக வந்தது. கிருபா என்று ஒருத்தி கிடையாது.

கல்லூரி முடித்த கையோடு தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சனோபருக்கு வேலை கிடைத்தது. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குக் காலை ஆறரைக்கே ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும். சொந்த ஊரான புளியங்குடியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் விடிந்துவிடும். தனியாக ஒரு பெண்ணுக்குத் தென்காசியில் யாரும் வீடு தரவில்லை. கடைசியில் செங்கோட்டை ஜாய் டீச்சர்தான், குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் வாடகைக்கு விடும் தன் வீட்டின் மாடியைத் தந்தார். குடித்துவிட்டு ஆட்டம் போடும் கும்பல்களோடு மல்லுக்கட்டி அவருக்கு அலுத்துப் போயிருந்தது. கீழ்வீட்டைப் பூட்டிவிட்டு, மாடிச் சாவியை இவளிடம் கொடுத்தார்.

ரியாத்திலிருந்து வாப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். இரண்டு பெண்பிள்ளைகளாகச் சேர்ந்து இருந்தால் சரி. தனியாக என்றால் வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு முடித்துவிடுவோம் என்றார். அந்த நிமிடத்தில்தான் சனோபரின் வாயிலிருந்து கிருபா பிறந்தாள். நாகர்கோவில்காரி, வங்கியில் வேலை, அமைதியான பிள்ளை, இடுப்புவரை முடி.

பொய்யைச் சொன்னால் மட்டும் போதுமா, அதற்குத் தீனி போட வேண்டாமா? வாசலில் இரண்டாவது ஜோடி செருப்பு, கொடியில் இரண்டாவது துண்டு, குளியலறையில் இரண்டாவது பிரஷ் எல்லாம் வாங்கி வைத்தாள். தினமும் அந்தியில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா ஜன்னத் போனில் கூப்பிடுவாள். பேசி முடிக்கும்போது, "போனை அந்தப் புள்ளட்டக் குடு," என்பாள்.

"கிருபாவா? அவ குளிச்சிக்கிட்டு இருக்கா, உம்மா," என்பாள் சனோபர். சொல்லும்போது தொண்டையில் ஒரு சின்னச் சிரிப்பு தன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்.

"சாரல் காத்துல ஈரம் தலையில நிக்கப்போவுது. நல்லாத் துவட்டச் சொல்லுட்டி."

உம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் கொடுமை. பெற்ற வீட்டை விட்டுத் தூரத்தில் கிடக்கும் பிள்ளையாயிற்றே என்று கிருபாவின் மேல் அவளுக்கு உருக்கம். தொழுது கேட்கும் துஆவில் இரண்டு பேர் பெயரையும் சொல்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமைகளில் காலை பஸ் கண்டக்டரிடம் இரண்டு டப்பா சோறு கொடுத்துவிடுவாள், மூடியில் பேனாவால் பெயர் எழுதி. தென்காசி பஸ் ஸ்டாண்டில் அதை வாங்கும்போதெல்லாம் சனோபருக்கு நெஞ்சைக் குடையும். ஆனாலும் மாலையில் சாவியைத் திருப்பி, தன் வீட்டுக்குள் தன் காலால் நுழையும் அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றிருந்தது. கிருபாவின் டப்பாவை இரவு அப்படியே வைத்திருந்து, மறுநாள் காலையில் குப்பையில் கொட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை காலை கொட்டப் போனால், டப்பா காலியாக இருந்தது. கழுவி, மேடையில் கவிழ்த்து வைத்திருந்தது.

தூக்கக் கலக்கத்தில் நாமே செய்திருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆடிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. தூரத்தில் அருவி விழும் இரைச்சல், நேந்திரம் சிப்ஸ் பொரியும் வாசனை, ஈரச் சுவரின் பூஞ்சை நெடி எல்லாம் பழகியவைதான். அவற்றுக்கு அடியில் வெந்தய எண்ணெயின் வாடை மட்டும் புதிதாக இருந்தது. அது தலையணையிலும் இருந்தது. கொடியில் காட்சிக்குத் தொங்கிய துண்டு ஈரமாக இருந்தது. சாரல் காலத்தில் எதுதான் காய்கிறது என்று அதையும் தள்ளினாள். குளியலறைச் சாக்கடை வலையில் சுருண்டு கிடந்த முடியை மட்டும் தள்ள முடியவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது. முழங்கையைத் தாண்டியும் வந்தது.

திங்கட்கிழமை அவசரத்தில் போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். மாலையில் திரும்பியதும் உம்மாவின் அழைப்பு. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னைக்குத்தான் கிருபாட்டப் பேசுனேன். தங்கமான புள்ளட்டி. முதல்ல நீன்னே நெனச்சிட்டேன், உன் குரல் அப்படியே இருக்கு அவளுக்கு."

சனோபர் கட்டிலில் உட்கார்ந்தாள். என்ன பேசினாள் என்று கேட்டாள்.

"நீ ஒழுங்கா சாப்பிட மாட்டேங்கியாம். தூக்கத்துல சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்து அழுதியாம். பக்கத்துல படுக்கவளுக்குத் தெரியாதா?"

அறையில் ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். கிருபா என்று யாருமே இல்லை உம்மா, பயமாக இருக்கு, என்னை வந்து கூட்டிட்டுப் போ. சொல்லியிருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். வேலை, சாவி, தன் வீடு, எல்லாமும் சேர்த்துத்தான். நாக்கின் நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, ஆமாம் உம்மா, நல்ல பிள்ளை என்றாள் பாவி மகள்.

அன்று அவள் படுக்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். கட்டிலின் மறுபாதி மெதுவாகப் பள்ளமாவதைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை தூங்காத கண்ணோடு வேலைக்குப் போனாள். ஒரு பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினாள். மத்தியானத்துக்குள் முடிவெடுத்துவிட்டாள். இனி ஒரு பொய் கிடையாது. உம்மாவிடம் உண்மையைச் சொல்வது, வாப்பாவின் காலைப் பிடித்துக் கெஞ்சுவது, நடப்பது நடக்கட்டும். நேரில் சொல்லத்தான் துணிவில்லை, போனில் சொல்லிவிடலாம். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கடைசி பஸ்ஸில் ஏறிவிடலாம்.

வீட்டுக்கு வந்து பையில் துணிகளை அடுக்கினாள். பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யக் குளியலறைக்குள் போனாள். தொழுதுவிட்டுப் பேசினால் தைரியம் வரும் என்று நினைத்தாள்.

முகத்தில் தண்ணீர் அடிக்கும்போது, வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

மெதுவாக. அவசரமே இல்லாமல்.

போன் அடித்தது. ஈரக் கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி நடந்து போயின. கட்டில் கிரீச்சிட்டது. அடிப்பது நின்றது.

"உம்மா," என்றது ஒரு குரல்.

அவளுடைய குரல். தொண்டையில் ஒட்டிய அந்தச் சின்னச் சிரிப்போடு.

சனோபர் கதவில் மோதினாள். உம்மா, உம்மா என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். மேலே ஷவர் தானாகத் திறந்துகொண்டது. தண்ணீர் தலையில் கொட்டியது. ஸ்பீக்கரில் உம்மாவின் குரல் கேட்டது.

"என்னட்டி சத்தம் அங்கன? அந்தப் புள்ள எங்க?"

"கிருபாவா? அவ குளிச்சிக்கிட்டு இருக்கா, உம்மா."

"நல்லாத் துவட்டச் சொல்லுட்டி."

"சொல்லுதேன். உம்மா, எனக்கு இங்கன பிடிக்கல. இப்பமே கிளம்பி வீட்டுக்கு வந்துருதேன். வாப்பா சொன்ன மாப்பிள்ளையவே முடிச்சிருங்க."

மறுமுனையில் உம்மா அழுதாள். சந்தோஷத்தில்தான். அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியைக் கொடுத்தான் என்றாள். பிறகு, அப்போ கிருபா தனியாக என்ன செய்வாள் என்று கேட்டாள்.

"அவ இங்கனதான் இருப்பா. வேற எங்க போவா?"

பையின் ஜிப் இழுபட்டது. வாசலில் செருப்பு உரசியது. சனோபருடைய செருப்பு. படிகளில் இறங்கியது. வெளிக்கதவில் சாவி திரும்பியது.

ஷவர் நின்றது.

அருவியின் இரைச்சல் மட்டும். வெந்தய வாடை. இந்தக் குளியலறைக்குள்ளேயே. மிகப் பக்கத்தில்.

முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். விரல்கள் வழுக்கின. முடி கழுத்தோடு நிற்கவில்லை. கை கீழே போனது. தோள். முதுகு.

இடுப்புவரை போனது. எண்ணெய் சொட்டியது.