ஐந்து மணி நேரப் பிணம்

"பொணத்தைக் காணோம்!"

மாலா அலறினாள்.

மேட்டுப்பாளையத்தில் மூடிக் கிடந்த குடோன். தரையில் ரத்தம் அப்படியே இருந்தது. சுற்றிலும் ஆறு கான்ஸ்டபிள்கள். நடுவில்... வெறும் சிமென்ட்!

"ஆறு பேரு நிக்கிறீங்க! கண்ணு முன்னாடி எப்பிடிய்யா பொணம் போவும்?"

"எழுந்து நடந்து போச்சு மேடம்," என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

மாலா வெளியே ஓடினாள். ஜெனரேட்டர் வேனுக்குப் பின்னால்...

பிணம் பன் தின்றுகொண்டிருந்தது! நெற்றியில் குண்டுக் காயம். உதட்டில் ஜாம்.

பக்கத்தில் ஒரு புது ஆள்.

"யார் சார் நீங்க? எங்க பொணத்தை ஏன் கடத்துனீங்க?"

"கன்னியப்பன். லேபர் இன்ஸ்பெக்டர். பாப்பாவுக்கு டூட்டி முடிஞ்சிடுச்சும்மா."

நடந்துகொண்டிருந்தது சினிமா படப்பிடிப்பு. பிணமாக நடித்த மெரினுக்கு வயது ஒன்பது. பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். நடிப்புக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு உண்டு. கலெக்டர் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான். குழந்தைக்குப் பொறுப்பாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டவள் உதவி இயக்குநர் மாலா. நேரம் மீறினால் கேஸில் அவள் பெயரும் சேரும்!

டைரக்டர் விஜயராகவன் பாய்ந்து வந்தார்.

"பொணத்துக்கு என்ன சார் வேலை? படுத்துக் கெடக்கறது ஒரு வேலையா?"

"கேமரா ஓடினா வேலைதான்."

"பாதி நேரம் தூங்கிட்டா சார்! அது ரெஸ்ட் இல்லியா?"

"அப்ப கேமரா ஓடிச்சா?"

"ஓடிச்சு..."

"அப்ப அதுவும் டூட்டி. அஞ்சு மணி நேரம் செத்துட்டா. இனிமே நாளைக்குத்தான் சாவணும்."

"நான் ஒண்ணும் தூங்கல!" பிணம் கோபப்பட்டது. "நடிச்சேன்!"

நாளை குடோனை இடிக்கிறார்கள்! மிச்ச ஷாட்டை இன்றே எடுத்தாக வேண்டும்.

விஜயராகவன் மாலாவைத் தனியே இழுத்தார். "பத்தே நிமிஷம். அந்த ஆளை டீ குடிக்கக் கூட்டிட்டுப் போறேன். நீ புள்ளையப் படுக்க வை."

"முடியாது சார்."

"அப்ப நாளையிலேர்ந்து வராத!"

வேலையா... கேஸா?

மாலா வெறும் தரையையே பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்! மெரின் முகம் வர்ற ஷாட் எல்லாம் எடுத்தாச்சு. இப்ப ஒரு கான்ஸ்டபிள் வெள்ளைத் துணிய ஒதறி விரிக்கட்டும். துணி ஃப்ரேமை மறைக்கிற எடத்துல கட். துணி எறங்கறப்ப உள்ள வேற ஆளு!"

"ஒம்போது வயசு சைசுல ஆளு?"

"முட்டிய மாரோட மடக்கிட்டா பெரியவங்களும் அந்த சைஸ்தான்."

"யாரு படுக்கறது?"

கான்ஸ்டபிள்கள் ஃப்ரேமில் நிற்க வேண்டும். கேமராமேனுக்குக் கேமரா. லைட் பாய்க்கு லைட். கை சும்மா இருந்தது ஒரே ஒருவருக்குத்தான்.

"படுங்க சார்," என்றாள் மாலா. "ஆக்ஷன் நான் சொல்றேன்."

ஏழாவது டேக்.

துணிக்குள்ளிருந்து விஜயராகவனின் முனகல்!

"இன்ஸ்பெக்டர் சார்... காலு மரத்துப் போச்சு... எனக்கு எப்ப டூட்டி முடியும்?"

கன்னியப்பன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு அம்பது தாண்டிடுச்சே சார். நீங்க எவ்வளவு நேரம் வேணா சாவலாம்!"