ஏழாம் துண்டு, எட்டாம் துண்டு

"உக்காரும்மா," என்றார் ரம்லா.

"உக்கார வரலைங்க. நான் பொய்க்காரியா இல்லையான்னு நீங்க சொல்லோணும். அப்புறம் உக்காந்துக்கறேன்."

துடியலூரில் அந்த மாடி அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மில் முதலாளிகள். பஞ்சு குடோன் தானாக எரிந்ததா, எரிக்கப்பட்டதா என்று பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது ரம்லாவின் தொழில். பதினைந்து வருடத்தில் அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அவருக்கும் சேர்த்துக் கோபப்பட உதவியாளர் பிரவீனா இருந்தாள்.

வந்தவள் பெயர் மதிவதனி. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலனி. வரலாற்றில் எம்.ஏ., கல்வெட்டியலில் டிப்ளமோ. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு மரபுக் காப்பு அறக்கட்டளையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். போன வாரம் வாட்ச்மேனை விட்டு அவளை வெளியே தள்ளியிருந்தார்கள்.

பழைய கல்வெட்டுகளின் மைப்படிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காப்பாற்றுவது அந்த அறக்கட்டளையின் வேலை. கல்லின் மேல் ஈரத்தாளை விரித்து, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி பிரஷ்ஷால் அடித்து, மேலே மை ஒற்றி எடுத்தால் அது மைப்படி. கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாக நிற்கும். தாள் பெரிது, ஸ்கேனர் சின்னது. ஆகவே தாளை நகர்த்தி நகர்த்திப் பன்னிரண்டு துண்டுப் படங்களாக எடுப்பார்கள்.

"எங்க குளத்தங்கரைக் கல்லுங்க அது," என்றாள் மதிவதனி. "ஆறு வருசம் முன்ன புல்டோசர் வெச்சு ஒடச்சுப்போட்டாங்க. இந்தத் தாள் ஒண்ணுதான் பாக்கி. செப்டம்பர் பன்னெண்டாந் தேதி நாந்தான் ஸ்கேன் பண்ணுனேன். ஏழாம் துண்டுலயும் எட்டாம் துண்டுலயும் எங்க சனத்தைப் பத்தி இருந்துச்சு. குளம் வெட்டுன ஆளுகளுக்குக் குளத்துக்குக் கெழக்கால நெலமும் கெணறும் குடுத்திருக்குது. சந்திரன் சூரியன் இருக்கற வரைக்கும்னு. இந்தக் கண்ணால படிச்சேனுங்க."

அந்தக் கிழக்கு நிலத்தில்தான் அவள் காலனியின் முப்பத்திரண்டு வீடுகள் நிற்கின்றன. அறக்கட்டளைத் தலைவர் தம்பிதுரையின் மச்சானுக்கு அங்கே தறி செட் போட வேண்டும். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. மதிவதனி கல்வெட்டு வரிகளைக் காட்டி மனு எழுதினாள். கோட்டாட்சியர் அறக்கட்டளையிடம் பிரதி கேட்டார். அறக்கட்டளை அனுப்பிய பிரதியில் அந்த வரிகள் இருந்த இடம் வெறும் கறுப்பு. சிதைந்துவிட்டது என்று அடிக்குறிப்பு வேறு.

"படத்துல செப்டம்பர் பன்னெண்டுன்னே தேதி இருக்குதாமா. பீரோவுல இருக்கற தாளும் கறுப்பாத்தான் இருக்குதாமா. அதனால நானே கதை கட்டி எழுதுனேன்னு சொல்றாங்க. பிரிண்டைக்கூட என் கண்ணுல காட்டல."

"விசாரணை எப்ப?"

"வெள்ளிக்கெழமைங்க. இன்னைக்குப் புதன்."

"அந்த ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணு பேருங்க. தலைவர் தம்பிதுரை, கம்ப்யூட்டர் இன்ஜினியர் கிருபாசங்கர், கல்வெட்டு அறிஞர் வரதராஜுலு ஐயா. அந்தப் படியை இருவது வருசத்துக்கு முன்ன எடுத்ததே ஐயாதான். ஆயிரக்கணக்குல எடுத்தாரு, இதைப் படிக்க நேரமில்லாம கட்டுல கெடந்துச்சு. ஐயா மட்டும் என்னைத் திட்டல. தலைகுனிஞ்சு உக்காந்திருந்தாரு. அவருக்கு ஸ்கேனர் பழக்கி உட்டது நாந்தானுங்க."

ரம்லா போனை எடுத்தார். அறக்கட்டளையின் மைப்படிகளுக்கும் அதே இன்சூரன்ஸ் கம்பெனிதான். தாள் கெட்டிருப்பதாகக் கேள்வி, பார்க்க வேண்டும் என்றார். பழி அந்தப் பெண் மேல்தான் விழும் என்று தம்பிதுரைக்கு ஒரே சந்தோஷம்.

"வாங்க அம்மணி, தாராளமா பாருங்க!" குரல் போனைத் தாண்டி பிரவீனாவுக்கும் கேட்டது. மரியாதைக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. வீட்டை இடிக்கிறவனும் 'ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்று கேட்டுக்கொண்டுதான் இடிப்பான்.

அன்று மதியமே ரம்லாவும் பிரவீனாவும் அறக்கட்டளைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் நுழைந்தார்கள். ஆயுத பூஜை முடிந்து பன்னிரண்டு நாளாகியும் கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்துகிடந்தன. கிருபாசங்கர் படத்தின் தேதியைத் திரையில் காட்டினான்.

"பாருங்க மேடம். பன்னெண்டு ஒம்போது தொண்ணூத்தேழு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

அணைத்துப் போட்டான். திரை 1980 ஜனவரி ஒன்று என்று காட்டிவிட்டுச் சரியான தேதியைக் கேட்டது.

"பேட்டரி போயிருச்சுங்க மேடம். டெய்லி காலைல நாமதான் தேதி குடுக்கோணும். ஆறு மாசமா இப்படித்தான்."

"நாம என்ன தேதி சொன்னாலும் நம்பிக்குமா?"

"நம்பிக்கும்..." என்றவன் அதோடு நிறுத்திக்கொண்டான். பிரவீனா சிரித்தேவிட்டாள்.

ரம்லா பன்னிரண்டு பிரிண்டுகளையும் மேஜையில் பரப்பினார். ஏழிலும் எட்டிலும் நடுவில் கறுப்புத் திட்டு. அது எல்லோரும் பார்த்தது. ரம்லாவின் விரல் வலது மூலைக்குப் போனது. ஏழாம் படத்தின் மூலையில் மூன்று சின்னக் கோடுகள், வெளிறிப்போய், ஒன்றன் கீழ் ஒன்றாக. எட்டாம் படத்திலும் அதே மூலையில் அதே மூன்று. மற்றப் பத்தில் இல்லை.

"தாள் மடிப்பா இருக்கும் மேடம்," என்றான் கிருபாசங்கர்.

ரம்லா பீரோவிலிருந்து தாளை எடுக்கச் சொன்னார். லென்ஸ் வைத்துக் கறுப்புத் திட்டைப் பார்த்தார். துணியின் நெசவு மையில் பதிந்திருந்தது. தாளைப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பத்து விநாடி பார்த்தார். திருப்பி வைத்துவிட்டு, தாள் தன் பொறுப்பில் இருக்கும் என்று ரசீது எழுதிக் கொடுத்தார்.

வெளியே அட்டெண்டர் ஐயாசாமி நின்றுகொண்டிருந்தார். "பூஜை நீங்கதான் போட்டீங்களா?" என்று பிரவீனா கேட்டாள்.

"நாந்தானுங்கம்மா. கம்ப்யூட்டருக்கு மூஞ்சி இருக்குது, பொட்டு வெச்சுப்போட்டேன். இந்த ஸ்கேனர் பொட்டிக்கு மூஞ்சி எதுன்னே தெரியல. மூடியத் தொறந்தா கண்ணாடி. செரி, இதுதான் மூஞ்சின்னு மூணு வெரல்ல திருநீறு பூசி உட்டேன். திங்கக்கெழம மதிவதனிப் புள்ள வந்து என்னையப் புடிச்சுக்கிச்சு. 'ஏனுங்கண்ணா, கண்ணாடியக் கெடுத்துப்போட்டீங்களே'ன்னு ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சுச்சு."

"பூஜை அன்னைக்கே அவ பாக்கலையா?"

ஐயாசாமி குரலைத் தாழ்த்தினார். "மத்தியானமே அனுப்பிப்போட்டாங்க. பூசைல அந்தப் புள்ள நிக்க வேண்டாம்னு தலைவர் சொன்னாருங்க."

பூஜைக்கு ஆகாதவள், துடைக்க மட்டும் ஆவாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதே அறையில் எல்லோரும் கூடினார்கள். தம்பிதுரை சுழல் நாற்காலியில். கிருபாசங்கர் அவர் பின்னால். வரதராஜுலு ஓரத்தில், மடியில் கண்ணாடிக்கூடு. மதிவதனி கதவோரம் நின்றாள். நாற்காலி காலியாக இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"தேதியை விட்டுடலாம்," என்று ரம்லா ஆரம்பித்தார். "இந்த மெஷின் நாம சொல்ற தேதியை நம்பற மெஷின். செப்டம்பர் பன்னிரண்டுன்னு ரிஜிஸ்டர்ல இருந்ததைப் பார்த்து யாரோ அதையே குடுத்திருக்காங்க. ஆனா திருநீறுக்கு யாரும் தேதி மாத்த முடியாது."

பிரிண்டுகளை நீட்டினார்.

"தாள்ல இருக்கற கறைன்னா தாளோட நகரும். ரெண்டு படத்துலயும் ஒரே மூலையில இருக்குன்னா கறை கண்ணாடியில இருக்கு. ஐயாசாமி மூணு விரல்ல பூசினது வெள்ளிக்கிழமை பூஜையில. மதிவதனி துடைச்சது திங்கக்கிழமை காலைல. இந்த ரெண்டு படத்தையும் எடுத்தது நடுவுல இருந்த சனி, ஞாயிறு லீவுல. மத்தப் பத்தும் செப்டம்பர்ல மதிவதனி எடுத்தது. அதுல கோடே இல்லை."

"நான் எட்டாம் படம் எடுத்தப்ப கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்துச்சு!" என்றாள் மதிவதனி.

"கண்ணு, நீ பேசாத," என்றார் தம்பிதுரை.

"உங்க கண்ணு நான் இல்லைங்க."

ரம்லா இரண்டு பேரையும் கையமர்த்தினார். "சாவி மூணு பேர்கிட்ட. கிருபாசங்கர் செஞ்சிருந்தா திரையிலயே எழுத்தை அழிச்சிருப்பார், பத்து நிமிஷ வேலை. தாளைத் தூக்கிட்டு வந்து மறுபடி ஸ்கேன் பண்ணவே மாட்டார். தலைவருக்கு ஸ்கேனர் பழக்கமில்லை. அவர் கையில தாள் கிடைச்சிருந்தா மிச்சமே இருந்திருக்காது."

"அம்மணி, வார்த்தைய அளந்து பேசுங்க!"

"அளந்துதான் பேசறேன். இது பிரஷ்ல பூசின மை இல்லை. துணிப்பந்துல, கிட்டத்தட்டக் காய்ஞ்ச மையைத் தொட்டு, அழுத்தி அழுத்தி ஒற்றியிருக்கு. ஈரம் படாம இருக்க அவ்வளவு கவனம். ஏன்னா ஈரம் பட்டா இது அமுங்கிடும்."

தாளைப் புரட்டினார். பிரவீனா டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாள். மையே படாத அந்த முதுகில், கல்லின் பள்ளத்துக்குள் இருபது வருடத்துக்கு முன் இறங்கிய தாள் வரிவரியாகப் புடைத்து நின்றது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லா எழுத்தும் இடவலம் மாறி.

"முன்பக்கம் அழிஞ்சாலும் முதுகு பேசும்னு தெரிஞ்சவர் இந்த ரூம்ல ரெண்டே பேர். ஒருத்திகிட்ட சாவி இல்லை, ஸ்கேனுக்கப்புறம் அந்தத் தாளைத் தொடவும் விடலை. இன்னொருத்தர்..."

வரதராஜுலு கண்ணாடிக்கூட்டை மூடினார். "நான்தான்," என்றார்.



"ஆறு தொகுதி... என் வாழ்நாள் வேலை அம்மா. அறக்கட்டளைதான் அச்சுப் போடுது. அந்த ரெண்டு துண்டு சரியா வந்தா ஒரு தொகுதியும் வராதுன்னு தலைவர் சொன்னார். ஆனா நான் தாளைக் கொல்லலை. முதுகைக் காப்பாத்திதான் வெச்சேன். என்னைக்காவது யாராவது புரட்டிப் பார்ப்பாங்கன்னு..."

"என்னைக்காவதா?" மதிவதனி கதவோரத்திலிருந்து முன்னால் வந்தாள். "என்னைக்கு ஐயா? எங்க ஊட்ட இடிச்சு, அங்க தறி ஓடற சத்தம் கேட்டதுக்கப்புறமா? வாட்ச்மேன் என் கையப் புடிச்சு இழுத்தப்போ இதே சேர்ல உக்காந்திருந்தீங்க. அப்பத் திருப்பியிருக்கலாமே தாளை? ரெண்டு விநாடி ஆகுமா? தாளுக்கு வலிக்கக் கூடாதுன்னு காய்ஞ்ச மை தொட்டீங்களே, எனக்கு வலிக்குமான்னு பாத்தீங்களா?"



தம்பிதுரை எழுந்தார். "செரி, செரி. உள்ளூர்ச் சங்கதி, உள்ளயே பேசிக்கலாம். புள்ளைக்கு வேலையத் திருப்பிக் குடுத்தர்றேன்."

"தாள் நேத்தே என் பொறுப்புக்கு வந்தாச்சுங்க," என்றார் ரம்லா. "என் அறிக்கை நாளைக்கு கோட்டாட்சியர் மேஜையில இருக்கும். இன்னும் ஒரு வேலைதான் பாக்கி." மதிவதனி பக்கம் திரும்பினார். "இப்பவாவது உக்காரும்மா."

மதிவதனி உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் முன்னால், அவளுடைய இடத்தில்.

ஸ்கேனர் கண்ணாடியை ஒருமுறை துடைத்தாள். தாளின் முதுகைக் கண்ணாடியில் வைத்து மூடினாள். வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ மேடுபள்ளம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினாள். படத்தை இடவலமாகத் திருப்பினாள். எழுத்துகள் நேராக எழுந்து நின்றன.

பிரவீனாவுக்கு அந்த எழுத்து புரியவில்லை. மதிவதனி விரல் வைத்துப் படித்தாள், நிறுத்தி நிறுத்தி: குளம் வெட்டின ஆட்களுக்கு, குளத்துக்குக் கிழக்கே, கிணறும் நிலமும். பத்து பேர் கையொப்பம். கடைசியில், இதை அழிக்கிறவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற வழக்கமான சாபம்.

"பசுவுக்குத்தான் சாபம் உட்டிருக்காங்க," என்றாள். "எங்களுக்கு நாங்களே எழுதிக்கோணும்."

ஒவ்வொரு படத்தோடும் ஒரு விவரப் படிவம் உண்டு. கல் இருந்த இடம், படி எடுத்தவர், ஸ்கேன் செய்தவர், குறிப்பு. படி எடுத்தவர் என்ற இடத்தில் வரதராஜுலு பெயர் ஏற்கெனவே இருந்தது. அதை அவள் தொடவில்லை. ஸ்கேன் செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தாள். குறிப்பில் நிதானமாக அடித்தாள்: 'முன்பக்கத்தில் மை ஒற்றி மறைத்தவர், வரதராஜுலு. மறைக்கச் சொன்னவர், தம்பிதுரை. அக்டோபர் 1997.'

"அம்மணி," என்றார் வரதராஜுலு, எழுந்து வந்து திரையைப் பார்த்தபடி. "அந்த எடத்துல என் பேரு வேண்டாமே. நாளைக்குப் படிக்கிறவங்க..."

படம் ஃபிளாப்பியில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று கோட்டாட்சியருக்கு, ஒன்று ரம்லாவுக்கு, ஒன்று காலனிக்கு. மூன்றாவது ஃபிளாப்பியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மதிவதனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணும்னா மை பூசி மறைச்சுக்குங்கய்யா."