எல்லாரும் மேலே பார்த்த மத்தியானம்

வந்தவள் செருப்பைக் கழற்றி வாசலில் விடவில்லை. ஒரு கையில் பிடித்தபடியே உள்ளே வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"இந்த நாட்டுல தங்கப் பேப்பர் இல்லாம இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் ஏட்டையா.

அவள் முகம் வெளிறிப் போனது. தன்னை அழைத்து வந்த அவருடைய மருமகனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லிட்டீங்களா?"

"நான் எதுவும் சொல்லலைங்க. எங்க மாமா அப்படித்தான்" என்றான் மருமகன் பெருமையோடு.

"வாசல்ல புதுச் செருப்பு கெடந்தா உள்ள ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும். தெரியக் கூடாதுன்னு நெனைக்கறவங்கதான் கையோட எடுத்துட்டு வருவாங்க. கதவோரமா வைங்க. உக்காருங்க."

ஏட்டையா ஊரில் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு இந்த நாட்டில் வந்து ஒட்டிக்கொண்டார். யாரையும் நம்ப மாட்டார். பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியைக்கூட நம்பாமல் மோந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பார். மருமகன் டாக்சி ஓட்டுகிறவன். வண்டியில் ஏறுகிற நம்மவர்களிடமெல்லாம் மாமனாரைப் பற்றித் தம்பட்டம் அடித்து, சிக்கலில் இருப்பவர்களை வீட்டுக்கே கொண்டுவந்து இறக்குவது அவன் வேலை. இதில் ஏட்டையாவுக்கு எரிச்சல். ஆனாலும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில்லை.

வந்தவள் ஓட்டலில் துணி தேய்க்கிறவள். அவளுடைய தம்பி, வெல்டர், காணாமல் போய்விட்டான்.

"இங்க விமானப் படைக்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை தளத்தோட கேட்டைத் திறந்து விடுவாங்க இல்லீங்களா? சாகசம் காட்டுவாங்களே. அதைப் பாக்கப் போனான். சின்ன வயசுல இருந்தே அவனுக்கு ஏரோப்ளேன்னா பைத்தியம். வருஷம் பூரா யூனிஃபாரத்தைக் கண்டா சந்துல ஓடி ஒளியறவன், அன்னிக்கு மட்டும் மாப்பிள்ளை மாதிரி பட்டாளத்துக் கேட்டுக்குள்ள நடந்து போயிருக்கான். அன்னிக்குப் பையை மட்டும்தான் பாப்பாங்களாம், பேப்பர் கேக்க மாட்டாங்களாம்."

"தனியாவா போனாரு?"

"கூட வேலை செய்யற பெயின்டர் போனான். தண்ணி வாங்கிட்டு வரேன்னு போன தம்பி திரும்பி வரலையாம். வேற நாட்டுக்கு ஓடிப் போயிருப்பான்னு பெயின்டர் சொல்றான். எல்லைக்கு அந்தப் பக்கம் கூலி ஜாஸ்தின்னு முன்னாடியே பேசிட்டு இருந்தானாம்." அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அப்படியே ஓடியிருந்தாக்கூடப் பரவால்லைங்க. எங்கயோ நல்லா இருக்கான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் ஜோசியக்காரன் இல்லம்மா. இருக்கறதைத்தான் சொல்லுவேன்."

"இருக்கறதைச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

*

வெல்டர் குடியிருந்தது நாலாவது மாடியில் ஓர் அறை. அடுப்பு, கட்டில், பள்ளிக்கூடம் போயிருந்த பெண் குழந்தையின் புத்தகப் பலகை, எல்லாம் அதற்குள்ளேதான். வெல்டரின் மனைவி அடுப்புப் பக்கம் நின்றாள். பக்கத்து அறையிலிருந்து பெயின்டரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவன் நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பெயின்ட்.

"நீ போகலையாம்மா?" என்று கேட்டார் ஏட்டையா.

"புள்ளைக்குக் காய்ச்சல். நான் வீட்டுலயே இருந்துட்டேன்" என்றாள் மனைவி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பெயின்டர் கதையைச் சொன்னான். கெட்டிக்காரன், நன்றாகவே சொன்னான். "நாங்க ரெண்டு பேரும் காலையில பஸ் புடிச்சுப் போனோம். கேட்டுல காதுக்கு வைக்க மஞ்சள் பஞ்சு குடுத்தாங்க. நான் வாங்கவே இல்ல. சத்தத்தைக் கேக்கத்தான் போறோம், அப்புறம் எதுக்குக் காதை அடைக்கணும்? அவன் வாங்கிட்டான். நாங்க வேலியோரமா எடம் புடிச்சு நின்னோம். மரம் மட்டை எதுவும் கெடையாது, வெயில் மண்டையைப் பொளந்துச்சு. ஆறு விமானம் சேந்து புகை விட்டுக்கிட்டுப் போச்சு பாருங்க, ஐயோ! அந்த நேரத்துலதான் தண்ணி வாங்கிட்டு வரேன்னு போனான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் ஏட்டையா.

பெயின்டர் மறுபடி சொன்னான். நாங்க பஸ் புடிச்சோம், நாங்க நின்னோம், நாங்க பாத்தோம். ஒரு பிசகும் இல்லை. மருமகனுக்குக் கொட்டாவி வந்தது.

"தண்ணி விக்கற எடம் எங்க இருந்துச்சு?"

பெயின்டர் யோசித்தான். ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. அடுப்புப் பக்கம் திரும்பி, "நாம நின்ன வேலிக்குப் பின்னாடிதான... கூடாரம் மாதிரி போட்டு..." என்று இழுத்தான்.

மனைவியின் கையிலிருந்து தட்டு நழுவிக் கீழே விழுந்து ஓசையோடு சுழன்றது. அவள் குனிந்து எடுத்தாள். கதை தொடர்ந்தது.

ஏட்டையா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திட்டின் மேல் ஒரு டம்ளரில் குழந்தையின் பென்சில்கள். பென்சில்களுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் இரண்டு பஞ்சுத் துண்டு. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீளமான ஒரு முடி அதில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது என்னம்மா?"

"அண்ணன் கொண்டு வந்து குடுத்தாரு. புள்ளை வெளையாட" என்றாள் அவள், பெயின்டரைக் காட்டி.

ஏட்டையா அதைத் திரும்ப டம்ளரிலேயே போட்டார். "உன் வீட்டுக்காரர் அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"கம்பெனிச் சட்டை. நீலம். பாக்கெட்டு மேல கம்பெனிப் பேரு தச்சிருக்கும்."

*

டாக்சியில் ஏறியதும் மருமகன் பொங்கினான். "மாமா, எனக்குப் பளிச்சுன்னு தெரிஞ்சு போச்சு. அந்தப் பெயின்டருக்கும் இந்தப் பொம்பளைக்கும் தொடர்பு. ரெண்டு பேரும் சேந்து ஆளைத் தீத்துட்டாங்க. இல்லைன்னா வெல்டர் உளவாளி. பட்டாளத்துக்காரன் புடிச்சு உள்ள வச்சிருக்கான்."

"மாப்பிள்ளை, நீங்க படத்துக்குப் போறதைக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க."

"அப்ப நீங்களே சொல்லுங்க."

"வெயில் மண்டையைப் பொளந்துச்சுன்னு சொன்னாரில்ல? விமானத் தளத்துக்குப் பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி எது?"

மருமகன் சாவியைத் திருகாமல் திரும்பிப் பார்த்தான். "அங்கயா?"

"உங்களுக்குப் பேப்பர் இருக்கு, அவங்க பாஷையும் பேசறீங்க. வண்டியில ஏறுனவங்களோட சொந்தக்காரரைக் காணோம், தேடறேன்னு சொல்லுங்க. அன்னிக்குப் பேர் தெரியாம யாராவது வந்தாங்களான்னு கேளுங்க. சட்டையைக் காட்டச் சொல்லுங்க. பாக்கெட்டு மேல என்ன இருக்குன்னு பாருங்க."

மருமகன் அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் தனியாகப் போனான். ஆஸ்பத்திரிக்காரி நல்லவள். உட்காரவைத்து, ஒரு பையைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினாள். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஏட்டையா இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

"நீலச் சட்டை மாமா. பாக்கெட்டு மேல எதுவும் இல்ல. தச்ச எடத்துல நூல் மட்டும் தொங்குது."

"ஆள்?"

"வெயில் தாக்கி விழுந்திருக்காராம். வேலியோரமா கெடந்தவரைக் கூட்டம் கலைஞ்சப்பதான் பாத்திருக்காங்க. ஆம்புலன்ஸ்லயே உசுரு போயிடுச்சு."

*

மறுநாள் சாயங்காலம் அதே அறையில் எல்லாரும் கூடினார்கள். குழந்தையைக் கீழ்வீட்டில் விட்டிருந்தார்கள். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெயின்டர் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். மருமகன் அந்தக் கதவை மறைத்தபடி நின்றான். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை, படத்தில் பார்த்தது.

"நகருங்க மாப்பிள்ளை. இவங்க எங்க ஓடப் போறாங்க?" என்றார் ஏட்டையா. பிறகு மனைவியிடம் சொன்னார். "நீ அன்னிக்கு அங்கதாம்மா இருந்த."

"இல்லைங்க. புள்ளைக்குக் காய்ச்சல்..."

"காதுப் பஞ்சை இவர் வாங்கவே இல்லைன்னு இவரே சொன்னாரு. இவர் குடுத்தாருன்னு நீ சொன்ன. ஒருத்தர் சொல்றது பொய். பஞ்சுல சுத்தியிருக்கற நீளமுடி இவரோடது இல்ல. வெல்டரோடதும் இல்ல."

"முடி வீட்டுல எங்கயும்தான் ஒட்டும்" என்றான் பெயின்டர்.

"ஒட்டும். அதனால அதை நான் பெருசா எடுத்துக்கல. நீங்க சொன்ன ஒரு வார்த்தையைத்தான் எடுத்துக்கிட்டேன்." ஏட்டையா குரல் உயரவில்லை. "எங்கிட்டக் கதை சொன்னப்பல்லாம் 'நாங்க'ன்னீங்க. பழக்கத்துல மாத்திச் சொல்ற ஆளான்னு பாக்கத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வச்சேன். ஒரு தடவைகூட மாறல. தண்ணிக் கடை எங்கன்னு கேட்டேன். உங்களுக்கு ஞாபகம் வரல. தெரிஞ்ச ஆளைத் திரும்பிப் பாத்தீங்க. இந்தம்மாவைப் பாத்து 'நாம நின்ன வேலி'ன்னீங்க."

பெயின்டர் நகத்திலிருந்த பெயின்டைச் சுரண்டினான்.

"வீட்டுல இருந்த பொம்பளைகிட்ட 'நாங்க நின்ன வேலி'ன்னுதான் சொல்லுவோம். கூட நின்னவகிட்டதான் 'நாம'ன்னு சொல்லுவோம். இந்த ஊர்ப் போலீஸ் நாள் பூரா கேட்டிருந்தாலும் இதைப் புடிச்சிருக்க முடியாது. அவங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தை."

மருமகனுக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"தம்பி எங்க?" என்றாள் அக்கா.

ஏட்டையா கையை உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னார். மனைவியைப் பார்த்து, "சட்டையில இருந்த கம்பெனிப் பேரை யார் பிச்சது?" என்று மட்டும் கேட்டார். "பர்ஸும் போனும் இல்ல. திருடனா இருந்தா அதோட போயிருப்பான். தையலைப் பிரிச்சுப் பேரை எடுக்க மாட்டான். அவர் யாருன்னு தெரியக் கூடாதுன்னு நெனைச்சவங்கதான் அதை எடுத்திருக்கணும்."

அவள் அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் பிச்சேன் அண்ணி" என்றாள். "பல்லால கடிச்சுப் பிச்சேன்."

அக்கா அசையவில்லை.

"புள்ளையைக் கீழ்வீட்டுல விட்டுட்டு நானும் போனேன். காலையில இருந்து வெயில்ல நின்னாரு. உக்காருங்கன்னா கேக்கல. பெரிய விமானம் ஒண்ணு செங்குத்தா மேல ஏறுச்சு. பாரு பாருன்னு என் கையைப் புடிச்சு இழுத்தாரு. இழுத்துக்கிட்டே விழுந்துட்டாரு. எழுப்புனேன், எழுந்திருக்கல. அண்ணன் சொன்னாரு, ஆம்புலன்ஸ் வந்தா கூட யார்னு கேப்பாங்க, பேப்பர் கேப்பாங்க, மூணு பேரையும் புடிச்சுடுவாங்கன்னு."

"நான் மட்டுமா சொன்னேன்?" என்றான் பெயின்டர். "அவனே போகச் சொன்னான். புள்ளையைப் பாருன்னான்."

"சொன்னானா?" என்று அக்கா மனைவியைக் கேட்டாள்.

மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "வாய் அசைஞ்சுச்சு. விமானச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. போன்னு சொன்ன மாதிரிதான் இருந்துச்சு."

"போகாதன்னு சொல்லியிருந்தா?"

பெயின்டர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப உசுரு இருந்துச்சு" என்றாள் அக்கா.

"கண்ணு திறந்திருந்துச்சு அண்ணி. மேல பாத்துட்டு இருந்தாரு. சுத்தி அத்தனை ஜனம். ஒருத்தர்கூடக் குனிஞ்சு பாக்கல. எல்லாரும் மேலதான் பாத்துட்டு இருந்தாங்க. யாராவது பாத்துத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னுதான் நெனைச்சேன். அப்படியே பின்னாலயே நடந்து கூட்டத்துக்குள்ள போயிட்டோம்."

அக்கா ஏட்டையாவின் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை மருமகனால் தாங்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரியிலதான் வச்சிருக்காங்கம்மா" என்றார் ஏட்டையா. "பேரு தெரியாதவர்னு எழுதி வச்சிருக்காங்க. யாரும் வரலைன்னா அவங்களே பொதைச்சுடுவாங்க. கேட்டு வாங்கணும்னா ரத்த சொந்தம், இல்ல கட்டுனவ, நேர்ல போகணும். பேப்பர் காட்டணும்."

"எனக்கும் இல்லையே."

"தெரியும்."

"போனா எங்களைப் புடிப்பாங்க. இவளைப் புடிப்பாங்க. புள்ளையை..." அவள் புத்தகப் பலகையைப் பார்த்தாள். "போகலைன்னா அவன் யாரோ ஒருத்தனாவே மண்ணுக்குள்ள போவான்."

"ஆமா."

"வேற வழி ஏதாவது?"

ஏட்டையா யோசிப்பது போலக்கூட நடிக்கவில்லை. "இல்லம்மா."

"நீங்க கண்டுபிடிக்காமயே இருந்திருக்கலாம் ஐயா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "எல்லைக்கு அந்தப் பக்கம் கூலி ஜாஸ்தின்னு நெனைச்சுக்கிட்டே இருந்திருப்பேன்."

அவள் எழுந்தாள். தம்பி மனைவியை அடிக்கப் போகிறாள் என்று மருமகன் ஓர் அடி முன்னால் வந்தான். அவள் அடிக்கவில்லை. தரையில் இருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடவும் இல்லை. ஜன்னல் திட்டிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏட்டையாவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"நீங்க கெளம்புங்க ஐயா. நாங்க பாத்துக்கறோம்."

ஏட்டையா தலையசைத்துவிட்டு வெளியே வந்தார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு தரம் நின்றார். டாக்சியைக் கிளப்பியபடி மருமகன் கேட்டான்.

"மாமா, அவங்க ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?"

"மாட்டாங்க."

"எப்படிச் சொல்றீங்க? உங்களைத் துணைக்குக் கூப்பிடலாமில்ல? உங்களுக்குப் பேப்பர் இருக்கு, போலீஸ் வேலை பாத்தவரு..."

"கூப்பிடறதா இருந்தா 'நாம போலாம்'னு சொல்லியிருப்பாங்க மாப்பிள்ளை."

சிக்னலில் வண்டி நின்றது. தலைக்கு மேலே எங்கோ விமானச் சத்தம் கேட்டது. மருமகன் கண்ணாடி வழியாக அண்ணாந்து தேடினான். ஏட்டையா ரோட்டோரம் நடந்து போகிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.